அடுப்படிக் காலம் – 7: தைலம் மணக்கும் தேத்தண்ணி

போன வாரம் கம்பளியில் நிறுத்தினோம். பகலில் மலையில் மழைக்கு மூடாக்காகவும் ராத்திரியில் பிள்ளைகளுக்குப் போர்வையாகவும் உழைத்த கம்பளி. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ரொட்டி என்று சொல்லியிருந்தேன். மாவுகூட எடுத்துவைத்தாயிற்று. ஆனால் இடையில் ஒரு செய்தி கண்ணில் பட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் மாவில் கைவைக்க மனம் வரவில்லை. ஆசிரியர் பக்கத்தை மூடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஊவாத் தேயிலைக்கென்று ஒரு மணம் இருக்கிறதே, குளிர்ச்சியாக மூக்கில் ஏறி நெற்றிவரை போகிற மணம், அதைக் கொடுப்பதில் பெரும்பங்கு மெதில் சாலிசிலேட் என்ற பொருளுக்கு உண்டாம். பெயரைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அலுமாரியில் இருக்கும் தைலப் போத்தலை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். இடுப்புப் பிடிப்புக்கும் மூட்டுவலிக்கும் தேய்க்கிற தைலங்கள் பலவற்றில் பொடி எழுத்தில் இதே பெயர் இருக்கும். நாள் முழுக்கக் கூடை இழுத்த தோளில் ராத்திரி தேய்க்கிற மணமும், அந்தக் கூடைக்குள் கிடந்த கொழுந்து தூளானபிறகு தரும் மணமும் ஒரே சரக்கு! இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்த மணம் எல்லா மாதமும் வருவதில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான் ஊவாவின் காலம். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி வெறுங்கையோடு நம் பக்கம் இறங்கும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அதே வறண்ட காற்று. ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை எங்கும் தேயிலைச் செடி தண்ணீருக்குத் தவிக்கும். தவிக்கிற செடி தன்னைக் காத்துக்கொள்ள இலைக்குள் பல வேலை செய்கிறது. அதில் ஒன்றுதான் நம்முடைய தைலச் சரக்கு. பூச்சியோ நோயோ தாக்கும்போதும் பல செடிகள் இதே பொருளைக் காற்றில் விட்டுப் பக்கத்துச் செடிகளை உஷார்ப்படுத்துகின்றன என்கிறார்கள். நாம் மணம் என்று கொண்டாடுவது செடியின் கூப்பாடு.

இலையில் அது பெரும்பாலும் மணமாக இருப்பதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. ஒருவகைச் சர்க்கரையோடு பிணைந்து பூட்டிக்கிடக்கிறது. பச்சைக் கொழுந்தை முகர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டோர் என்று நாம் சொல்லும் தொழிற்சாலையில் வாட்டி, ரோலரில் போட்டு உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் நொதி வந்து பூட்டைத் திறக்கிறது. அப்புறம்தான் மணம். ஆவணி மாதத்து ராத்திரியில் ஸ்டோரைக் கடந்து நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

காற்றைப் பற்றி ஆரம்பித்தபிறகு சுரங்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும், பட்டிப்பொல நிலையம் 1,898 மீட்டர் உயரம், இலங்கையிலேயே மேலானது. அதைத் தாண்டி ஒஹியாவுக்கு முன்னால் ஒரு சுரங்கம் வருகிறது. ஜூலையில் ஒரு வாயில் தூறலோடு நுழைந்த ரயில் மறு வாயில் வெயிலில் வெளியே வருவதைப் பார்க்கலாம். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் மத்திய மாகாணம், இந்தப் பக்கம் ஊவா. 1924இல் தண்டவாளம் பதுளை வரை வந்து சேர்ந்த நாளிலிருந்து நம் ஆட்களுக்கு இது பழகிய அதிசயம். ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெரியவர் சுரங்க இருட்டு முடிந்ததும் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை மனிதர்.

ஒக்டோபர் பிறந்தால் எல்லாம் தலைகீழ். வடகிழக்கிலிருந்து காற்று வரும். இப்போது நனைகிற முறை நம்முடையது. மார்கழி, தையில் நுவரெலியாக்காரர்கள் பளிச்சென்ற வானத்தின் கீழே புல்லில் உறைபனி விழுந்த கதை சொல்வார்கள். அவர்களுக்குத் தேயிலை மணக்கிற காலம் அதுதான். நமக்கு அப்போது குளிர் என்றால் ஈரக்குளிர். நமுனுகுலை மலையை நாள் கணக்கில் காண முடியாது. துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபிறகு, கூரையில் விழும் மழைச்சத்தத்தை ஒரு சுகம் என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. இந்தத் தொடரில் நான் அடுப்படியை விட்டு நகராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மணக்கிற தேயிலை எங்கே போகிறது என்பதற்கு வருவோம். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அங்கிருந்து கப்பலேறுகிறது. ஜப்பானில் டார்ஜிலிங்கையும் சீனத்துக் கீமுனையும் ஊவாவோடு சேர்த்து உலகத்தின் மூன்று பெருந்தேயிலைகள் என்று சொல்வது வழக்கம். அங்கே ஒரு கடையில் ஒரு கோப்பை ஊவாவுக்குக் கொடுக்கிற காசில் நம் லயத்தில் ஒரு வீடு மாதம் முழுக்கத் தேத்தண்ணி குடிக்கும். தோட்டத்தில் சலுகையாகக் கொடுக்கும் தூள் இந்த மணத்துக்கென்று பொறுக்கி எடுத்ததல்ல. ஆகவே ஆவணியில் கொழுந்து பறித்தவள் கார்த்திகைக் குளிரில் உட்கார்ந்து குடிக்கும் கோப்பையில் அந்த மணம் இருக்காது. அது வேண்டுமென்றால் அலுமாரியைத் திறந்து தைலப் போத்தலை முகர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

சித்தி ஒருவர் எங்களுக்கு உண்டு. 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம். வெகுகாலம் கழித்துப் பதுளைக்கு வந்தபோது பை நிறைய ஊட்டித் தைலம். நீலகிரியில் கொல்தீரியா என்றொரு செடியின் இலையைக் காய்ச்சி எடுப்பது. அப்பாயி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, “என்னடி இது, ஆவணி மாசத்து ஸ்டோர் வாசம் அடிக்குது” என்றார். சித்தி, “வயசானா மூக்கும் குழம்பும் போல” என்று சொல்லிப் போத்தலை வாங்கி வைத்துவிட்டார். அந்த இலைத்தைலம் ஏறக்குறைய முழுக்க முழுக்க மெதில் சாலிசிலேட்தான் என்று இந்த வாரம் படித்தேன். கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை அப்பாயி சும்மா செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, மணமில்லாத தூளை வைத்து நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தூள் நுணுக்கமாக இருப்பதால் சாயம் சட்டென்று இறங்கும். அதனால்தான் கேத்தலுக்குள் கொட்டிக் கொதிக்கவிடக்கூடாது, கசந்துவிடும். துணி வடியில் தூளைப் போட்டு மேலே கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, இரண்டு ஜோக்குக்கு இடையே நாலு ஆற்று ஆற்றினால் நுரை கட்டி நிற்கும். இஞ்சி இருந்தால் ஒரு துண்டு தட்டிப் போடலாம். சீனியைக் கோப்பைக்குள் போடுகிறவர்கள் பணக்காரர்கள். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு என்று போனால் ஒரு கரண்டிச் சீனி இரண்டு கோப்பைக்குக் காணும். நாக்குக்கும் அதில்தான் கூடுதல் இனிப்பு. கித்துள் கருப்பட்டி கிடைத்த வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகள் இரண்டாம் கோப்பைக்கும் வரிசையில் நிற்கும். 2022இல் பால்மா கிடைக்காமல் கொழும்பு முழுவதும் வெறும் தேத்தண்ணிக்கு மாறியபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. லயத்தில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, சாயத் தண்ணியை இன்னொரு மிடறு குடித்தார்கள்.

எளிமையாக வாழ்வதைப் பற்றி நகரத்து நண்பர் ஒருவர் என்னிடம் மூச்சுவிடாமல் பேசினார். தொலைக்காட்சி இல்லாத வீடு, மெழுகுவர்த்தி வெளிச்சம், ஒரே வகைச் சாப்பாடு. “எங்க அப்பாயியும் அப்படித்தான் இருந்தாங்க, வேற வழி இல்லாம” என்றேன். பேச்சை மாற்றிவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேறு வழி இல்லாமல் வந்த அந்த வாழ்க்கையிலும் அப்பாயி ருசியில் விட்டுக்கொடுத்ததில்லை. ஆறிப்போன தேத்தண்ணியைக் கொடுத்தால் கோப்பை அப்படியே திரும்பி வரும்.

அடுப்புக்கு மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தலைச்சுமையாக வந்து இஸ்தோப்பில் அடுக்கி வைத்தது. விட்டால் மரமாகிற செடியை மூன்று நாலு வருடத்துக்கொரு தடவை வெட்டி இடுப்பளவில் வைத்திருப்பதால்தான் இந்த விறகு கிடைக்கிறது. காய்ந்த மிலாறு எரிந்து முடிந்தாலும் தணல் நிற்கும். அந்தத் தணலில் வெலிமடை உருளைக்கிழங்கைப் புதைத்துவிட்டுக் காத்திருப்பதற்கு எங்கள் வீட்டில் தனிச் சட்டமே இருந்தது: கிளறுகிறவனுக்குக் கிழங்கு இல்லை. தோல் கருகி வெடித்ததும் ஊதி ஊதிப் பிய்த்து, உப்புக் கல்லைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். புகைக்குக் கண் எரிந்தால் எரியட்டும், அந்த இடத்தைவிட்டு எழுந்து போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது.

இடம் என்றதும் ஆசிரியர் கொடுத்த இடமும் நினைவுக்கு வருகிறது. ரொட்டி அடுத்த வாரத்துக்குப் போகிறது. கட்டைச் சம்பலும் அதோடுதான். தேங்காய் விற்கிற விலையில் ரொட்டி மாவில் எவ்வளவு பூ விழுகிறது என்பதையும், பூ குறைந்த ரொட்டியை எப்படிச் சுட்டால் பல்லுக்குப் பழுதில்லாமல் இருக்கும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)