செங்கடலின் அக்கரையில் ஒரு பானை ஓடு

யான்புவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடினால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரே கேள்விதான்: என்ன இன்ஜினியரிங்? "இன்ஜினியரிங்கா?" என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. 1975-ல் ராயல் கமிஷன் அமைக்கப்பட்டு எழுந்த இந்தத் தொழில் நகரத்தில் நம்மில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும்தான். என்.ஐ.டி.களில்கூட வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. வழி போட்டு வைத்திருக்கிறார்கள், நாம் நடக்கிறோம்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் மகள் வரலாறு படிக்கப் போவதாகச் சொன்னாள். "சரித்திரம் படிச்சு என்னம்மா பண்ணப் போற?" என்றார் அப்பா. அவளுக்குப் பதில் வரவில்லை. உட்கார்ந்திருந்த எங்களுக்கும் வரவில்லை. தாமதமாக இப்போது எழுதுகிறோம்.

யான்பு கடற்கரையில் நின்று நேர் மேற்கே பார்த்தால், சுமார் 260 கிலோமீட்டருக்கு அப்பால், ஏறக்குறைய இதே அட்சரேகையில் எகிப்தின் பெரெனிகே இருக்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் உருவான துறைமுகம். 1994-ல் அங்கே அமெரிக்க, டச்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கினார்கள். இந்தியாவில் செய்த ஒரு பெரிய சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடும் கிடைத்தது. அதற்கு வடக்கே குசேர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்களுள்ள ஓடுகள் வந்தன. பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இன்னொரு ஓடு. அதில் இருந்தது ஆள் பெயர் அல்ல, "பானை ஒறி" என்ற இரண்டு சொற்கள்.

ஒறி என்றால் நம் உறிதான். பாட்டி வீட்டில் பூனைக்கு எட்டாமல் தயிர்ச் சட்டியைத் தொங்கவிட்டாரே, அதே உறி. எழுத்து தமிழ்தான் என்பதற்கு ன, ற இரண்டும் சாட்சி. வடக்கத்திப் பிராமியில் அந்த எழுத்துகள் கிடையாது. ஓட்டின் மண் எந்த ஊர் மண் என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். அதில் எழுதியிருப்பது உறி என்று சொல்ல, பழந்தமிழும் கல்வெட்டும் படித்த ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் அது எகிப்து அருங்காட்சியகப் பெட்டியில் இன்னொரு கீறல் விழுந்த ஓடு, அவ்வளவுதான்.

அந்தச் சொற்களை விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். இங்கே நம்மவர்கள் குறுக்கே வருவார்கள்: அவர் படித்தது வேதியியலும் சட்டமும், வேலை ஐ.ஏ.எஸ்.; அப்புறம் எதற்குக் கலைப் படிப்பு, ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளலாமே? உண்மைதான், அவர் அப்படி வந்தவர்தான். ஆனால் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று 1924-லேயே காட்டியவர் கே.வி.சுப்பிரமணிய ஐயர், கல்வெட்டு படிப்பதே அவர் தொழில். அக்கரையில் ஓட்டைத் தோண்டி எடுத்ததும் தொல்லியலையே முழுநேரமாகச் செய்தவர்கள். முழுநேரக்காரர்கள் இல்லையென்றால் ஓய்வுநேரக்காரருக்குப் படிக்க எதுவும் இருந்திருக்காது.

பழங்கதை வேண்டாம் என்பவர்களுக்கு இன்றைய விஷயம் ஒன்று. சவுதி தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தத்தில் அரபியும் வேறு மொழியும் இருந்து இரண்டும் முரண்பட்டால், அரபி வாசகமே செல்லும். நம்மில் எத்தனை பேர் அரபிப் பக்கத்தைப் படித்துக் கையெழுத்திட்டோம்? விடுப்பு, வேலை முடிவுப் பணம், அறிவிப்புக் காலம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபி பட்டப் படிப்பே இருக்கிறது. நம் பிள்ளைகளில் நாலு பேர் அரபியும் சட்டமும் சேர்த்துப் படித்தால் இந்தச் சமூகத்துக்கு எவ்வளவு உதவி!

பணத்தைப் பேசாமல் இருக்க முடியாது. 2017-ல் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய குடும்ப வரி 2020-ல் 400 ஆனது. அதைக் கட்டி வளர்த்த பிள்ளை படித்தவுடன் சம்பாதிக்க வேண்டும் என்று நினைப்பது பேராசை அல்ல. கலைப் பட்டதாரியின் முதல் சம்பளம் பெரும்பாலும் குறைவு. ஆசிரியர் பணி, சட்டம், இதழியல், மொழிபெயர்ப்பு, அரசுத் தேர்வு என்று எங்கே போனாலும் நிலைகொள்ளச் சில வருடங்கள் ஆகும். அதைப் பிள்ளையிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மறுபக்கம், அரசு கலைக் கல்லூரியின் கட்டணம் தனியார் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். கடன் வாங்கி, பிடிக்காத பொறியியல் படித்து, நாலு வருடம் கழித்து வேறு வேலை தேடுகிற பிள்ளைகள் நம் வீடுகளிலேயே உண்டு.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புக்கு 2022 முதல் க்யூயெட் என்ற பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர்களும் வரலாற்றுக்கு மாறலாம். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். கல்வெட்டு, தொல்லியல் என்று மேலே போக விரும்பினால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி இரண்டையும் விசாரிக்கலாம்.

நண்பரின் மகள் க்யூயெட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஹாஸ்டல் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் போன வாரம் கேட்டாராம்.