சாட்சி இடம் மாறும்போது

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில், பம்பை ஆற்றங்கரை அபிராமேசுவரர் கோயிலில், வட்டப்பாறை என்று ஒரு கல் உண்டு. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை. வழக்குள்ளவர்கள் அங்கே வந்து சத்தியம் செய்வது பழைய வழக்கம். இன்று அதே ஊரில் இரண்டு பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு வந்தால் சாட்சி சொல்வது வேறொன்று. இ-சேவை மையத்தில் அச்சடித்துத் தரும் பட்டாவும் அ-பதிவேடும் புலப்படமும்தான் இப்போது முன்னே வைக்கப்படுகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பது, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘தமிழ்நிலம்’ மென்பொருள். கல் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் புதிய சாட்சி அப்படி இருக்காது. எந்த அரசுத் தரவு மையத்திலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்கு, பழைய தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு என்று குடிபெயர்ப்பு நடந்துகொண்டே இருக்கும். அந்தக் குடிபெயர்ப்பைக் கணினிக்காரர்களின் வேலை என்று நாம் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதில் தவறு நேர்ந்தால் அலைவது பட்டாதாரர்தான்.

முதலில், இடம் மாறுவது எது என்று பார்க்கலாம். இன்றைய தரவு மையங்களில் ஒரு சேவைக்கு ஓர் இயந்திரம் என்ற கணக்கு இல்லை. பாகம் பிரித்த பழைய கூட்டுக்குடும்ப வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: கூரை ஒன்று, அடுப்பு நான்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப் பூட்டு. அதுபோல ஒரு பெரிய சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு பங்கும் தானே ஒரு முழுக் கணினி என்ற நினைப்பில் விண்டோஸையோ லினக்ஸையோ ஓட்டுகிறது. இதுதான் மெய்நிகர் கணினி. ஐபிஎம் 1972-லேயே தன் பெருங்கணினிகளுக்கு இந்த வசதியை விற்றது. சாதாரண சர்வர்களில் இதைப் பரவலாக்கியது 1998-ல் தொடங்கப்பட்ட விஎம்வேர். வெளியிலிருந்து பார்த்தால் மெய்நிகர் கணினி என்பது சில கோப்புகள், அவ்வளவே. வட்டின் உள்ளடக்கம் முழுவதும் ஒரு பெரிய கோப்பு. எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம், எந்த வலையமைப்பு என்ற குறிப்பு ஒரு சிறிய கோப்பு. இவற்றைக் குடியேற்றும் புது இடம்தான் ‘பிரைவேட் கிளவுட்’. பிரைவேட் என்றதும் தனியார் நிறுவனம் என்று பொருள்கொள்ளக் கூடாது. சொந்த மேகம் என்பதே பொருத்தம். அரசோ வங்கியோ பல்கலைக்கழகமோ தன் தேவைக்கென்றே, தன் கட்டுப்பாட்டில் அமைத்துக்கொள்வது அது. முன்பு ஒரு துறைக்கு ஒரு மெய்நிகர் கணினி வேண்டுமென்றால் கடிதம் எழுதி, ஒப்புதல் பெற்று, நிர்வாகி கையால் அமைத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். மேகத்தளத்தில் தனக்கு ஒதுக்கிய அளவுக்குள் துறையே திரையில் கேட்டுப் பெறலாம். எவ்வளவு பயன்படுத்தியது என்பதும் தானாகவே கணக்கில் ஏறும். மத்திய அரசு தன் மேகத் திட்டத்துக்கு மேக்ராஜ் என்று பெயர் வைத்தது. தேசியத் தகவலியல் மையத்தின் மேகம் 2014 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாநிலத் தரவு மையத்தை நடத்துவது அரசு நிறுவனமான எல்காட்.

நன்றாக ஓடுவதை ஏன் இடம் மாற்ற வேண்டும்? இயந்திரம் கிழடாகும், உதிரி கிடைக்காது என்பது எப்போதும் உள்ள காரணம். அண்மையில் அதோடு ஒரு புதுக் காரணமும் சேர்ந்துகொண்டது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் சுமார் 6,900 கோடி டாலருக்கு விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டினால் காலத்துக்கும் நமக்கே என்றிருந்த உரிம விற்பனையை நிறுத்தியது. இனி சந்தாதான் என்றது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி 2024-ல் இதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனது. அந்நிறுவனம் விஎம்வேரில் ஓட்டிய மெய்நிகர் கணினிகள் ஏறத்தாழ 75,000; அவற்றைச் சுமந்த சர்வர்கள் சுமார் 8,600. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஆனால் வீடு நம்முடையது, சாவி மட்டும் இன்னொருவரிடம் என்ற நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகமே பார்த்துவிட்டது. 2007-ல் லினக்ஸ் கருவோடு சேர்ந்த கேவிஎம், 2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் போன்ற திறந்த மூலத் தளங்கள் பக்கம் பலரும் திரும்பிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, போவதா வேண்டாமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எடுத்துச் செல்லும் வேலையில் மந்திரம் எதுவும் இல்லை. விஎம்வேரின் வட்டுக் கோப்பு ஒரு வடிவம். கேவிஎம் விரும்புவது வேறு வடிவம். அதை மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. புதுத்தளத்தின் வட்டும் வலையட்டையும் பழையவை போல் இருக்காது என்பதால், அவற்றுக்கு உரிய டிரைவர்களை முன்கூட்டியே உள்ளே வைக்க வேண்டும். மறந்தால் கணினி எழுந்திருக்காது. நேரத்துக்கும் எளிய கணக்கு உண்டு. விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு டெராபைட்டை அனுப்ப, தடையே இல்லையென்றாலும் இரண்டேகால் மணி நேரம் ஆகும். நூறு டெராபைட்டுக்கு ஒன்பது நாளுக்கு மேல். அத்தனை நாள் சேவையை நிறுத்த முடியாது. அதனால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு வட்டையும் ஒருமுறை நகலெடுப்பார்கள். பிறகு, இடையில் மாறிய பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். கடைசியாக ஒரு நள்ளிரவில் சில நிமிடம் நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, புது இடத்தில் எழுப்புவார்கள். இவ்வளவும் பொறியாளர்கள் நன்றாகப் பழகிவிட்ட வேலை. ஆயிரக்கணக்கான கணினிகளையும் இப்படி எடுத்துச் செல்லலாம். இத்தனை தெளிவான வேலையில் பிறகு எங்கேதான் தவறு நடக்கிறது?

விடை நம் கிராமக் கணக்கிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. மக்கள் வாயில் அது யூடிஆர். பழைய பதிவேடுகளிலிருந்து பெயரும் பரப்பும் உட்பிரிவும் புதுப் பதிவேடுகளுக்கு ஏறின; ஏக்கர், சென்ட் இருந்த இடத்தில் ஹெக்டேரும் ஏரும் வந்தன. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, ஊர்க் கணக்கெழுதிய கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரை ஆதிக்கத்துக்கு முடிவு கட்டிய நியாயமான சீர்திருத்தம் அது. ஆனால் எந்த நிலம் வாய்மொழியாகப் பாகம் பிரிந்தது, எந்தப் பெயர் இறந்தவர் பெயர், எந்த இரண்டு கோவிந்தசாமிகள் வேறு வேறு ஆட்கள் என்பதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் பாதியும் கர்ணத்தின் தலையில் பாதியுமாக இருந்தன. கைமாறியது புத்தகம் மட்டுமே. யூடிஆரில் விழுந்த பெயர்ப் பிழையையும் பரப்புப் பிழையையும் திருத்தக் கேட்டு, நாற்பதாண்டுக்குப் பிறகும் மக்கள் வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் மனுவோடு நிற்கிறார்கள். ஏட்டை எடுத்துச் சென்றவர்கள் ஏட்டுக்கு வெளியே இருந்த உறவுகளைக் கணக்கெடுக்கவில்லை. அதன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மெய்நிகர் கணினியிலும் இதே கதைதான். பட்டா தரும் ஒரு சேவை தனியாக ஓடுவதில்லை. தரவுத்தளம் ஒரு கணினியில், படிவம் காட்டும் பக்கம் இன்னொன்றில், குறுஞ்செய்தி அனுப்புவது மூன்றாவதில், பதிவுத்துறையோடு பேசுவது நான்காவதில் இருக்கலாம். பத்தாண்டுக்கு முன் யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஐபி முகவரியை நேரடியாக நிரலில் எழுதிவைத்திருப்பார். அதை எங்கும் குறித்திருக்க மாட்டார். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு நிரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஓய்வுபெற்ற ஒருவரின் பெயர் வரும். அவர்தான் அந்தக் கணினியின் கர்ணம். வட்டுக் கோப்பை ஒரு பைட்டும் சிதறாமல் கொண்டுபோய் வைத்தாலும், இந்த உறவுகள் அறுந்தால் சேவை எழாது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதுத்தளத்துக்கு மாற்றியது. மெய்நிகர் கணினிகளை மட்டும் தூக்கி வைத்த வேலையல்ல அது, தளமே புதிது. ஆனாலும் பாடம் ஒன்றே. தரவு பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது; அதை விசாரணை செய்த ஒழுங்குமுறை அமைப்பே சொல்லியிருக்கிறது. ஆனால் தளம் உடனே திணறியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். நிலைமை முழுக்கச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022-ல் அந்த வங்கிக்கு விழுந்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் அதிகம். கைமாறிய தரவில் குறையில்லை. ஆனாலும் குடிபெயர்ப்பு தோற்றது.

ஆகவே குடிபெயர்ப்பின் பெரும்பகுதி கணக்கெடுப்புதான் என்பது என் வாதம். எத்தனை மெய்நிகர் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார், எது எதனோடு பேசுகிறது, எது யாருக்கும் வேண்டாமல் சும்மா ஓடுகிறது என்ற பட்டியல் முதலில் வேண்டும். ஒரு மாதமாவது வலையமைப்புப் போக்குவரத்தைக் கவனித்தால்தான் மாதக் கடைசி நிரல் கண்ணில் படும். ஒன்றோடொன்று பேசுபவற்றை ஒரே தொகுதியாக எடுத்துப் போக வேண்டும். முக்கியமில்லாத தொகுதியில் கை பழகிவிட்டு, முக்கியமானதைக் கடைசியில் தொட வேண்டும். எந்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்புவது என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பழையதை அப்படியே தூக்கி வைப்பது பழைய குப்பையையும் சேர்த்துத் தூக்குவதுதானே, புதிதாகவே எழுதிவிடலாமே என்பது ஒன்று. குப்பை வரும் என்பது உண்மை. ஆனால் வீடு மாறும் நாளிலேயே குடும்பத்தையும் மாற்றி அமைக்கப் பார்த்தால், பிழை எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் உள்ளபடியே மாற்றி, கால் ஊன்றியபின் ஒவ்வொன்றாகத் திருத்துவதே நிதானம். பொது மேகத்துக்கே போய்விட்டால் இந்தத் தலைவலி எதற்கு என்பது இரண்டாவது. தேர்வு முடிவு வரும் நாள்போலச் சில மணி நேரம் மட்டும் பெருங்கூட்டம் வரும் சேவைக்கு வாடகை இடம் சிக்கனம்தான். ஆண்டு முழுவதும் சீராக ஓடும் நிலப்பதிவேட்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தவிர, விலையை மற்றவர் தீர்மானிக்கும் இடத்திலிருந்து தப்ப நினைத்து, அதேபோன்ற இன்னோர் இடத்தில் குடிபோவதில் லாபம் என்ன? திறந்த மூலத் தளத்தை நடத்த ஆள் கிடைக்காது என்பது மூன்றாவது மறுப்பு, கொஞ்சம் கனமானதும்கூட. ஓப்பன்ஸ்டாக் இலவசம், அதை ஓட்டும் கை இலவசமல்ல. உரிமத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ஆட்களுக்கும் பயிற்சிக்கும் செலவிடாத அமைப்பு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. ஆனால் ஆண்டுதோறும் இத்தனை ஆயிரம் பொறியாளர்களை அனுப்பும் மாநிலத்தில், ஆள் இல்லை என்பதைவிட ஆளை வளர்க்கவில்லை என்பதே உண்மைக்குப் பக்கம்.

இன்னொரு மறுப்பு, தொடாமல் இருப்பதே பாதுகாப்பு என்பது. தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்று 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போதே தீ தொடங்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் சேமிப்பகம், வெளியே நகல் இல்லாததால் அப்படியே போயிற்று. மாற்றும் வேலையில்தானே தீ பிடித்தது என்று இதை மாறாமல் இருப்பதற்கான சான்றாகக் காட்டலாம். ஆனால் அழிவை முழுமையாக்கியது தீ மட்டுமல்ல. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்ததுதான். இடம் மாறக்கூடிய சாட்சிக்குத்தான் இரண்டாம் பிரதி சாத்தியம். வேறு ஊரில் நகல், அதை எடுத்து எழுப்பிப் பார்க்கும் ஒத்திகை ஆகிய இரண்டும் குடிபெயர்ப்பின் பகுதியாகவே திட்டத்தில் இருக்க வேண்டும்.

இதில் பட்டாதாரருக்கும் ஒரு வேலை உண்டு. யூடிஆர் காலத்தில் புதுப் பதிவேட்டை உடனே பார்த்துச் சொன்னவரின் பிழை அப்போதே திருந்தியது. பார்க்காதவரின் பிழை பேரனுக்குச் சொத்தோடு சேர்ந்து வந்தது. உங்கள் பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை இன்றைக்கே ஒருமுறை பதிவிறக்கி, தேதி குறித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு இணையதளம் புதுத்தளத்துக்கு மாறியதாக அறிவிப்பு வந்தால், பெயர், புல எண், பரப்பு மூன்றையும் பழைய நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அந்த வாரமே மனு கொடுங்கள்.