நுழைவுத் தேர்வு இல்லாத சுவர்

பின்னாளில் கேலிச்சித்திரக்காரராகப் புகழ்பெற்ற ஆர்.கே. லக்ஷ்மணுக்கு மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளி இடம் தரவில்லை. மாணவராகச் சேர்க்கும் அளவுக்குப் படங்களில் திறமை தெரியவில்லை என்று பதில் வந்தது. அவர் மைசூரு மகாராஜா கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தார். ஒருவகையில் நல்லதாயிற்று என்றே தோன்றுகிறது.

1921-ல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தலைமையாசிரியர் வீட்டுக் கடைக்குட்டி. எழுத்துக்கூட்டத் தெரியும் முன்பே ‘ஸ்ட்ராண்ட்’, ‘பஞ்ச்’ இதழ்களின் படங்களில் மூழ்கிவிட்டார். வீட்டுத் தரை, சுவர், கதவு எதுவும் தப்பவில்லை. வகுப்பில் வரைந்த அரச இலைக்கு வாத்தியார் பாராட்டு கிடைத்தது. அன்றிலிருந்து தன்னை ஓவியனாகவே நினைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கிடந்த சருகு, விறகு பிளக்கும் ஆள், எதிர்வீட்டுக் கூரையில் விதவிதமாக உட்கார்ந்த காக்கைகள் என்று கண்ணில் பட்டதெல்லாம் படமாயின. காக்கையை அவர் கடைசிவரை விடவே இல்லை.

வரைந்ததை எங்கே மாட்டுவது? மைசூரில் 1861-ல் கட்டிய ஜகன்மோகன் அரண்மனை 1915-லேயே ஓவியக்கூடமாகியிருந்தது. ரவிவர்மாவின் ஓவியங்கள் தொங்கும் இடத்தில் கல்லூரிப் பையனின் காக்கையை யார் சேர்ப்பார்கள்? அவருக்குக் கைகொடுத்தது அச்சு. அண்ணனும் எழுத்தாளருமான ஆர்.கே. நாராயண் ‘தி ஹிந்து’வில் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டார். டாக்டர் சிவராம் 1942-ல் தொடங்கிய ‘கொரவஞ்சி’ என்ற கன்னட நகைச்சுவை இதழிலும் வரைந்தார்.

இன்று அச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். இணையத்தில் சுவர் திறந்தே கிடக்கிறது. 2007-ல் சியாட்டிலில் காப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் ஃப்ளிக்கர் தளத்தில் ஒரு குழு ஆரம்பித்தார். அதுதான் உலகெங்கும் கிளைவிட்ட ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’. பட்டம் கேட்பதில்லை, தேர்வும் வைப்பதில்லை. முக்கியமான நிபந்தனை ஒன்றுதான்: இடத்தில் இருந்து, நேரில் பார்த்து வரைய வேண்டும். போட்டோவைப் பார்த்து வரைந்தது செல்லாது.

அந்த நிபந்தனையின் அருமை மைசூரு தேவராஜ மார்க்கெட்டில் தெரியும். வண்ணப்பொடிக் கூம்புகள் அசையாமல் நிற்கும். பொடி விற்பவர் நிற்கமாட்டார். கை பொட்டலம் மடிக்கும், தலை அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பும். தோளின் சாய்வை மூன்று கோட்டில் பிடித்தால் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த பக்கம். போட்டோவில் அந்தத் தோள் எப்போதும் காத்திருக்கும் என்பதால் கண் சோம்பிவிடுகிறது.

திறந்த சுவரில் எனக்கு ஒரு குறை உண்டு: அங்கே இதழாசிரியர் இல்லை. பத்திரிகையில் நாள் தவறாமல் படம் கேட்டார்கள். தேறாததைத் திருப்பியும் அனுப்பினார்கள். ‘சூப்பர்’ என்று விழும் ஐம்பது பாராட்டில் எந்தக் கோடு பிசகு என்பது தெரியாது. முகத்துக்கு நேரே சொல்லும் நாலு பேரைத் தேடிக்கொள்வது வரைபவர் பொறுப்பு.

பெயர் உதிர்ந்துபோவது இன்னொரு தொல்லை. ஜகன்மோகன் கூடத்தில் இருட்டறையில் வைத்திருக்கும், விளக்கேந்திய பெண்ணின் நீர்வண்ண ஓவியம் எஸ்.எல். ஹல்தன்கர் வரைந்தது. ரவிவர்மா ஓவியம் என்று சொல்லியே பலர் அதை இன்னும் பகிர்கிறார்கள். ஆகவே பெயர், இடம், தேதி மூன்றையும் படத்தின் மேலேயே எழுதிவிட்டு ஏற்றுங்கள். எழுத்தும் புரிய வேண்டும். லக்ஷ்மண் சிறுவயதில் கொண்டாடிய கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ. ‘Low’ என்ற அவருடைய கையெழுத்தை வெகுநாள் ‘Cow’, அதாவது பசு என்றுதான் லக்ஷ்மண் படித்துக்கொண்டிருந்தார்.