சிறு முதலும் உபதொழிலும்

நெற்செய்கையை நம்பிய குடும்பத்திற்கு ஆண்டில் இரு முறையே பெருந்தொகை கைக்கு வருகின்றது. பெரும்போக வெட்டு முடிந்ததும் ஒரு முறை. குளத்தில் நீர் இருக்குமாயின் சிறுபோக வெட்டு முடிந்ததும் மற்றொரு முறை. மானாவாரிக் கமக்காரருக்கு ஒரு முறைதான். செலவோ நாள்தோறும் வருகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைக் கடனே நிரப்புகின்றது. விதைப்புக் காலத்தில் வீட்டிலுள்ள நகை அடைவு வைக்கப்படும். பசளையும் களைநாசினியும் கடனாக வாங்கப்படும். வெட்டு நாளில் அறுவடை இயந்திரத்தின் கூலியும் இவற்றுடன் சேர்ந்து கொள்ளும். ஆகவே நெல்லை ஈரத்துடனேயே வயல் வரம்பில் வைத்துக் கொடுத்துவிட வேண்டிய நிலை உண்டாகின்றது. விலை குறைவென்பதை அறியாமல் எவரும் அவ்வாறு விற்பதில்லை. காத்திருக்க இயலாமையாலேயே விற்கின்றனர்.

அவ்வாறு காத்திருக்கும் ஆற்றலை ஒரு குடும்பம் உபதொழிலொன்றின் மூலம் சிறிது சிறிதாகத் தேடிக்கொள்ளும் வழி இங்கு கூறப்படுகின்றது. இதற்குப் பெரிய முதல் வேண்டுவதில்லை. இரண்டு புசல் நெல்லின் விலை, அதாவது ஏறக்குறைய 42 கிலோகிராம் நெல்லை விற்றால் வரும் பணம், தொடங்குவதற்குப் போதும். விலைவாசி போகத்துக்குப் போகம் மாறுவதால் ரூபாவிற் காட்டும் கணக்கு விரைவிற் பழுதாகிவிடும். ஆதலால் இங்கே நாற்றிலும் முட்டையிலும் நெல்லிலும் கணக்குக் காட்டுகின்றோம். அவ்வக் காலத்துச் சந்தை விலையை இட்டு வாசகர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

எந்த உபதொழிலைத் தெரிவது?

அயலூரில் ஒருவர் ஒரு தொழிலில் நல்ல இலாபம் கண்டார் என்று கேள்விப்பட்டவுடன் அதையே தொடங்குவது பலருடைய வழக்கம். அது போதிய காரணமன்று. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதையே சிறு முதலுடையோர் முதலிற் கேட்டல் வேண்டும். ஐந்து வாரத்தில் திரும்பும் முதலை ஓராண்டிற் பல முறை பயன்படுத்தலாம். ஓராண்டு கழித்துத் திரும்பும் முதலை ஒரு முறையே பயன்படுத்தலாம். அடுத்து, கமத்தில் வீணாகும் பொருளை அத்தொழில் உட்கொள்ளுமா என்று நோக்குதல் வேண்டும். வைக்கோல், உமி, தவிடு, குறுநெல், பதர், சந்தைக்குத் தகாத மரக்கறி ஆகிய யாவும் ஏற்கெனவே நம் முற்றத்தில் உள்ளவை. விலை கொடுத்து வாங்கும் பொருளை முற்றாக நம்பிய உபதொழில் இலேசிற் கவிழும். 2022ஆம் ஆண்டில் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கோழித்தீனிக்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. தீனி வாங்கியே கோழி வளர்த்த சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. முற்றத்தில் மேய்ந்த ஊர்க்கோழிகளை அந்த இடர் அவ்வளவாகத் தொடவில்லை.

நாற்றுமேடை

மேற்கூறிய இரண்டிற்கும் பொருந்துவதாய், மரக்கறிச் செய்கையிற் பழகிய கைக்கு எளிதாய் அமைந்தது நாற்று வளர்த்து விற்றலாகும். மிளகாய், கத்தரி நாற்றுகள் நான்கு முதல் ஐந்து வாரத்திலும், தக்காளி நாற்று மூன்று முதல் நான்கு வாரத்திலும் நடுகைக்கு வந்துவிடும். ஊரில் ஒவ்வொருவரும் தத்தம் நாற்றைத் தாமே போடுவர் என்பது உண்மையே. எனினும் அழுகலினாலோ மழையினாலோ நாற்றை இழந்து, நடுகை நாளில் ஊர் ஊராக அலைபவர் ஒவ்வொரு போகத்திலும் உண்டு. அவர்களே இத்தொழிலின் முதல் வாடிக்கையாளர்.

3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட மேடைகள் இரண்டு தொடக்கத்திற்குப் போதும். மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவை அண்மையிற் செய்யப்படாத, நீர் தேங்காத, காலை வெயில் படும் இடமாக இருத்தல் நன்று. மண்ணைப் பண்படுத்தி, நன்கு மக்கிய கூட்டெருவைக் கலந்து மட்டப்படுத்தியபின், அதன்மேல் ஒரு படை வைக்கோல், ஒரு படை உமி என மாறி மாறிப் பரப்பி எரித்தல் வேண்டும். காற்றுக்கு எதிர்த்திசையில் நெருப்பு மெதுவாகச் செல்லும்படி கொளுத்தினாலன்றி வெப்பம் மண்ணுள் இறங்காது. விரைவில் எரிந்து முடிந்த மேடை கறுத்திருக்குமேயன்றிக் கிருமி நீங்கியிராது. எரிக்க வசதியில்லாதோர் மேடையை நனைத்து, நிறமற்ற பொலித்தீன் தாளால் காற்றுப் புகாதவாறு மூடி, நல்ல வெயிலில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் விடலாம்.

வரிசைக்கு வரிசை 10 சென்ரிமீற்றர் இடைவெளியில், ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையிட்டு, மெல்லிய வைக்கோற் படையால் மூடி நீர் தெளித்தல் வேண்டும். முளை கண்டவுடன் அவ்வைக்கோலை நீக்கிவிடவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெடுத்துவிடும். மேடையொன்றில் ஏறக்குறைய 30 வரிசைகள் அமையும். வரிசையில் 3 சென்ரிமீற்றருக்கு ஒரு நாற்று என விட்டால், மேடைக்கு 1000 நாற்றுகள் நிற்கும். இவற்றில் 700 மட்டுமே விற்பனைக்குத் தகும் எனக் கொண்டு கணக்கிடுதல் பாதுகாப்பானது. அழுகல் நோய் பெரும்பாலும் மிகையான நீரினாலேயே வருகின்றது. மாலையில் ஊற்றி இரவு முழுதும் மேடையை ஈரமாக வைப்பதிலும் காலையில் அளவாக ஊற்றுவதே சிறந்தது. பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பாக நீரைக் குறைத்து, நிழலையும் நீக்கி, நாற்றை வன்மைப்படுத்த வேண்டும்.

இத்தொழிலில் நட்டம் வருவது பெரும்பாலும் காலம் தப்புவதாலேயே. முற்றிய நாற்றை எவரும் வாங்கார். ஆதலால் ஊரார் நடும் நாளிலிருந்து ஐந்து வாரம் பின்னோக்கி எண்ணி முதல் மேடையையும், அதற்கு ஒரு வாரம் கழித்து இரண்டாம் மேடையையும் விதைத்தல் வேண்டும். எத்தனை நாற்று வேண்டுமென முன்னரே கேட்டு, சிறிதளவேனும் முற்பணம் பெற்றுக் கொள்வது நன்று. முற்பணம் கொடுத்தவர் திரும்பி வருவார். வாய்ச்சொல் கொடுத்தவர் வரவும் கூடும், வராதிருக்கவும் கூடும். மேலும், கலப்பின வகைகளின் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப்போற் பயன் தராது. அவ்வாறான விதையில் வளர்த்த நாற்றை விற்றவரிடம் அடுத்த போகத்தில் எவரும் வரமாட்டார். எம்.ஐ. 2 மிளகாய், திருநெல்வேலி ஊதாக் கத்தரி போன்ற கலப்பினமல்லாத வகைகளாயினும், நம்பத்தக்க விதையையே வாங்குதல் வேண்டும். இலை சுருண்ட நாற்று, வாடல் கண்ட மேடையின் நாற்று ஆகியவற்றை விலை குறைத்தும் விற்கலாகாது, அழித்துவிடவேண்டும். நாற்று விற்பனையைப் பெருக்க எண்ணுவோர் பதிவு முதலிய விதிகளைத் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளல் வேண்டும்.

ஊர்க்கோழி

நாற்றிற் கிடைத்த இலாபத்தைக் கொண்டு மூன்று பேடுகளும் ஒரு சேவலும் வாங்கலாம். இதனை நாற்றுமேடைக்குப் பின் வைத்ததற்குக் காரணம் உண்டு: கோழியிற் பணம் திரும்பக் காலம் செல்லும். கடன் வாங்கிய பணத்தில் அதைத் தொடங்கினால் குஞ்சு வளருமுன் வட்டி வளர்ந்துவிடும்.

ஊர்ப் பேடு ஓர் ஈட்டில் ஏறத்தாழ 12 முட்டைகள் இட்டபின் அடையிருக்கும். மூன்று பேடுகளின் கீழும் 12 வீதம் 36 முட்டைகள் வைக்கப்படுகின்றன எனக் கொள்வோம். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கரு இல்லாதவற்றை நீக்கிவிடலாம். 21ஆம் நாளிற் பொரிக்கும். 27 பொரித்து, கீரிக்கும் பருந்துக்கும் நோய்க்கும் தப்பி 18 வளர்ந்தால், அவற்றிற் பாதி சேவலாகவும் பாதி பேடாகவும் இருக்கும். ஒன்பது சேவல்களையும் மூன்று பேடுகளையும் விற்று ஆறு பேடுகளை நிறுத்திக்கொண்டால், ஏறத்தாழ எட்டு மாதத்தில் மூன்று பேடுகள் ஒன்பதாகின்றன. விற்ற பன்னிரண்டின் பணம் கையில் நிற்கின்றது. இதற்கிடையே தாய்ப் பேடுகள் மறுபடியும் இட்ட முட்டைகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உணவாகும். அதை இலாபக் கணக்கிற் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் நட்டம் என்றும் எண்ணலாகாது.

18 வளரும் என்று கூறியது, இரவிற் கூட்டில் அடைத்து, தடுப்பு மருந்தும் கொடுத்து வளர்க்கும் வீட்டிற்கே பொருந்தும். நியூக்காசில் எனப்படும் கொள்ளைநோய் வந்தால் ஒரே வாரத்தில் முற்றம் வெறுமையாகிவிடும். கழுத்து முறுகுதல், பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை அதன் குறிகள். குறி தோன்றியபின் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. முன்னரே மருந்திடுதல் வேண்டும். அதற்குரிய காலத்தைப் பிரதேசக் கால்நடை வைத்திய அதிகாரி கூறுவார். கூடு தரையிலிருந்து உயர்ந்து, ஈரமின்றி, கீரியும் மரநாயும் நுழையாத கம்பிவலை கொண்டதாக இருந்தாற் போதும். தீனிக்குக் குறுநெல், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியவற்றோடு, பழைய சட்டியில் வைக்கோலும் சாணமும் இட்டுக் கவிழ்த்துப் பிடித்த கறையானையும் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம். இது நம் பாட்டிமார் அறிந்த முறை. இன்றும் இதனிற் குறை காண்பதற்கில்லை.

வைக்கோலிற் காளான் வளர்த்தலும் நெற்செய்கையாளருக்கு ஏற்றது. வெப்பமான காலத்தில், வித்திட்ட இரண்டு வாரத்திற்குள்ளாகவே வைக்கோற் காளான் பறிப்புக்கு வரும். ஆனால் பறித்த அன்றே அது விலைபோக வேண்டும். நகரமோ உணவுச்சாலையோ அருகில் இல்லாதவர் இதில் இறங்காதிருத்தலே நலம். தேனீ வளர்ப்பிற்கு முற்றத்து முதலிலும் அயலிலுள்ள பூக்களே முக்கியம். பீடைநாசினி மிகுதியாகத் தெளிக்கும் தோட்டங்களின் நடுவே பெட்டி வைப்பதிற் பயனில்லை.

வந்த பணத்தை என் செய்வது?

உபதொழில் தொடங்கியவர் பலரிடம் சேமிப்பு இல்லாமைக்குக் காரணம் அத்தொழிலின் குறைவன்று. நாற்று விற்ற பணம் வயலுக்குரிய யூரியாவாக மாறிவிடுகின்றது. முட்டை விற்ற பணம் கடைக் கணக்கிற் கலந்துவிடுகின்றது. ஆண்டு முடிவில் உழைப்பு நினைவிருக்கும், பணம் இராது. ஆதலால் உபதொழிலுக்கெனத் தனிப் பையும், தனிக் கொப்பியும் வைத்தல் இன்றியமையாதது. கொப்பியில் இரண்டு பக்கம் போதும்: இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. முதலாகப் போட்ட இரண்டு புசல் நெல்லின் பணத்தை எக்காரணத்தாலும் குறையவிடலாகாது. அதற்கு மேல் வரும் இலாபத்தை மூன்றாகப் பங்கிடலாம். ஒரு பங்கு மறுபடியும் தொழிலுக்கு; ஒரு பங்கு சேமிப்பிற்கு; எஞ்சியது வீட்டிற்கு. வீட்டுப் பங்கை வீண் என்று கருதுவோர் உளர். மேடைக்கு நீர் ஊற்றுபவரும் கோழிக்கூட்டைக் கூட்டுபவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. உழைப்பவர் ஒருவர், பணத்தை எடுப்பவர் வேறொருவர் என்றிருக்கும் வீட்டில் உபதொழில் நெடுநாள் நிலைப்பதில்லை. சேமிப்புக் கணக்கையும் அவர்கள் பெயரிலேயே திறப்பது பொருத்தமாகும்.

தேசிய சேமிப்பு வங்கி 1972ஆம் ஆண்டில், பழைய இலங்கைச் சேமிப்பு வங்கியும் அஞ்சல் அலுவலகச் சேமிப்பு வங்கியும் ஒன்று சேர்க்கப்பட்டு நிறுவப்பட்டது. அஞ்சல் அலுவலகங்களிலும் அதிற் பணம் இடலாம். இட்ட பணத்திற்கு அரசாங்கம் பொறுப்பு. ஊரிலே சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காக நடைபெறுமாயின் அதுவும் நன்று. இத்தகைய சங்கங்களுக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நீண்ட வரலாறு உண்டு. அறிந்தவரிடையே பிடிக்கும் சீட்டைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் கழிவு கூறி முதலில் எடுப்பவர் கடன் வாங்குபவரே என்பதை மறத்தலாகாது. ஆள் சேர்த்தால் பணம் இரட்டிக்கும் எனக் கூறும் ‘பிரமிட்’ திட்டங்களோ நம் நாட்டில் சட்டத்தினாலேயே தடுக்கப்பட்டவை.

பணமாக வைத்த சேமிப்பும் தேயக்கூடியதே. 2022ஆம் ஆண்டில் விலைகள் ஏறிய வேகத்தில், எந்த வட்டியும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே சேமிப்பின் ஒரு பகுதி பேட்டுக் கோழியாகவும், உலர்ந்த நெல்லாகவும் வீட்டில் நிற்பது புத்தியாகும்.

முதல் இலக்கு

எவ்வளவு சேர்ந்தாற் போதும்? ஒரு போக வெட்டிற்குரிய இயந்திரக் கூலியும், அதன்பின் ஒரு மாத வீட்டுச் செலவும் சேர்ந்த தொகையை முதல் இலக்காகக் கொள்ளலாம். அது கையில் இருந்தால் வெட்டிய அன்றே நெல்லை விற்க வேண்டியதில்லை. ஆயினும் காத்திருப்பது எப்பொழுதும் இலாபம் என்று எண்ணிவிடவும் கூடாது. அதற்கும் கணக்கு உண்டு. 22 சதவீத ஈரப்பதமுள்ள 100 கிலோகிராம் நெல்லை 14 சதவீதத்திற்கு உலர்த்தினால் ஏறக்குறைய 91 கிலோகிராமே எஞ்சும். எனவே உலர்ந்த நெல்லின் விலை, ஈரநெல்லின் விலையிலும் பத்தில் ஒரு பங்கிற்கு மேற் கூடினாலன்றி எடைக்குறைவே ஈடாகாது. உலர்த்தும் கூலியும் சாக்கின் விலையும் அதற்கு மேல். நெல் சந்தைப்படுத்தும் சபையிடம் விற்க எண்ணுவோரும், முழு விலைக்கு 14 சதவீதத்திற்கு மேற்படாத ஈரப்பதம் வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வைத்திருக்கும் மூடைகளைச் சுவரிலிருந்து விலக்கி, தரையிற் படாது மரப்பலகைகளின்மேல் அடுக்கி, இரு வாரத்திற்கு ஒரு முறை அந்துப்பூச்சி உண்டாவெனப் பார்த்தல் வேண்டும். விதைக்கென ஒதுக்கும் நெல்லை 13 சதவீதம் வரை உலர்த்தித் தனியே வைக்கவும்.