ஒரே பெட்டி, மூன்று பேரேடு

துறையூர் வெங்காய மண்டியில் ஒரு கணக்குப்பிள்ளை மூன்று வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஒருவர், மேசை ஒன்று, பேரேடு மட்டும் மூன்று. ஒருவருடைய வரவு இன்னொருவர் பேரேட்டில் ஏறிவிட்டால் அன்றைக்கே மண்டியில் சண்டை. இதே வேலையை நொடிக்குப் பல லட்சம் முறை பிசகாமல் செய்யும் பெட்டி ஒன்று உண்டு. மொத்த வியாபார இணைய வலையில் உட்கார்ந்திருக்கும் ரௌட்டர்தான் அது.

அதென்ன மொத்த வியாபாரம்? கண்ணாடி இழை ஒருவருடையது. அதன் வழியாக வீடுகளுக்கு நெட் விற்பவர்கள் பலர். சிங்கப்பூரில் 2010 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. நம் நாட்டில் 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டமும் இழையை எல்லாக் கம்பெனிகளுக்கும் பாகுபாடின்றித் திறந்துவிடும் எண்ணத்தில் பிறந்ததுதான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் அதில் இணைக்கும் பொறுப்பு டான்ஃபினெட் எனப்படும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துடையது.

இழையைப் பகிர்வது எளிது. சிக்கல் முகவரியில் வருகிறது. 10 என்ற எண்ணில் தொடங்கும் ஐபி முகவரிகளை உலகில் யார் வேண்டுமானாலும் தங்கள் வலைக்குள் வைத்துக்கொள்ளலாம். அதனால் இரண்டு கம்பெனிகளின் வாடிக்கையாளர்களுக்கு 10.1.1.5 என்ற ஒரே முகவரி அமையக்கூடும். அந்த முகவரிக்கு ஒரு பாக்கெட், அதாவது தகவல் துண்டு, வந்தால் எந்த வீட்டுக்கு அனுப்புவது? அதோடு, ‘வழி தெரியாததையெல்லாம் இந்த வாசலுக்கு அனுப்பு’ என்ற கடைசிக் கட்டளையும் ரௌட்டரில் உண்டு. ஒவ்வொரு கம்பெனிக்கும் வாசல் வேறு.

இதற்குத்தான் ஒரே ரௌட்டருக்குள் கம்பெனிக்கு ஒன்றாகத் தனித்தனி வழி அட்டவணைகளை, அதாவது பேரேடுகளை, உருவாக்குகிறார்கள். விஆர்எஃப் என்பார்கள், ரௌட்டிங் இன்ஸ்டன்ஸ் என்றும் சொல்வதுண்டு. வீட்டிலிருந்து வரும் பாக்கெட் விலான் எண் என்ற அடையாளச் சீட்டோடு வரும். 12 பிட் அளவுள்ள அந்தச் சீட்டில் 4,094 எண்களைப் பயன்படுத்தலாம். சீட்டைப் பார்த்ததும் உரிய பேரேடு திறக்கும். மற்றப் பேரேடுகள் இருப்பதே அந்தப் பாக்கெட்டுக்குத் தெரியாது.

துறையூரில் இருக்கும் பெட்டியும் திருச்சியில் இருக்கும் இன்னொரு பெட்டியும் தமக்குத் தெரிந்த வழிகளைப் பரிமாறும்போது இரண்டு 10.1.1.5 குழம்பாதா? காந்தி தெரு துறையூரிலும் இருக்கலாம், முசிறியிலும் இருக்கலாம். 621010 என்றும் 621211 என்றும் பின்கோடு எழுதிவிட்டால் தபால் மாறாது. அதுபோல ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் 8 பைட் நீளமுள்ள எண் ஒன்றைச் சேர்க்கிறார்கள். ரௌட் டிஸ்டிங்குவிஷர் என்று அதற்குப் பெயர். வந்த வழியை எந்தப் பேரேட்டில் பதிவது என்று சொல்ல ரௌட் டார்கெட் என்ற இன்னொரு குறி. எரிக் ரோசனும் யாகோவ் ரெக்டரும் 1999-இல் எழுதி வெளியிட்ட முறை இது. 2006-இல் திருத்திய வடிவம் வந்தது.

அமைப்பது நாலைந்து வரி வேலைதான். பேரேட்டுக்குப் பெயர், டிஸ்டிங்குவிஷர், டார்கெட், பிறகு எந்த இன்டர்ஃபேஸ் (இணைப்பு வாய்) யாருக்கு என்று ஒப்படைப்பது. இந்தக் கடைசி வரியில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். சிஸ்கோவின் ஐஓஎஸ் ரௌட்டரில் ஒரு இன்டர்ஃபேஸை விஆர்எஃப்பில் சேர்த்ததும் அதிலிருந்த ஐபி முகவரி அழிந்துவிடும். மறுபடி அடிக்க வேண்டும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அதே இன்டர்ஃபேஸ் வழியாகத் துறையூர்ப் பெட்டிக்குள் நுழைந்தவர், தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டியிருப்பார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் போக வேண்டியதுதான்.

முகவரியைச் சரிசெய்தபின் இணைப்பைச் சோதிக்க ‘பிங்’ அடித்தால் பதில் வராமல் இன்னொரு திகில். பழுது ஒன்றும் இருக்காது. எந்த விஆர்எஃப் என்று சொல்லாமல் கேட்டால் ரௌட்டர் எந்தக் கம்பெனிக்கும் சேராத பொதுப் பேரேட்டைத்தான் புரட்டும். டார்கெட் எண்ணில் ஓர் இலக்கம் பிசகுவது இதைவிட மோசம். ஒரு கம்பெனியின் வழிகள் இன்னொன்றின் பேரேட்டில் சத்தமில்லாமல் ஏறிவிடக்கூடும்.

பேரேடு பிரிந்தாலும் எல்லாம் பிரிந்துவிடுவதில்லை. இழையின் கொள்ளளவு பொதுவானது. இரவு எட்டு மணிக்கு ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு வேகம் குறையும். ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டுவது தனி வேலை. சாலையோரம் பள்ளம் தோண்டும் ஜேசிபிக்கோ பேரேடெல்லாம் தெரியாது. இழை அறுந்தால் மூன்று கம்பெனிகளின் வாடிக்கையாளர்களும் மூன்று எண்களுக்குப் போன் செய்வார்கள். ஒட்டுப்போட வருபவர் ஒருவர்தான்.