பீலித் தண்ணீர் குளத்தில் சேருமுன்: ஒரு கல் பாத்தி அமைப்போம்



பீலிக்கரையில் உடுப்பு கழுவுகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறோம். அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஒரு தோட்டத்தில் நாங்கள் கானோடு இறங்கிப் போய்ப் பார்த்தோம். மேல் லயத்துத் தண்ணீர் அத்தனையும் கீழ் லயத்தின் பின்பக்கம் இருந்த சிறு குளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் குளம் கீழ் லயத்து மக்கள் மரக்கறிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வெட்டியது. நாங்கள் போன நேரம் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்து, கிட்டே நிற்க முடியாத நாற்றம். "மேல வீட்டுக்காரங்க துணி தொவைச்சா எங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது ஐயா" என்றார் கீழ் லயத்து அக்கா ஒருவர். மேல் லயத்தில் கேட்டால், "நாங்க என்னா செய்யிறது, தண்ணி மேல ஏறியா போகும்?" என்றார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் இந்தச் சண்டையால் இரண்டு லயத்துப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடுவதுகூட நின்று போயிருந்தது.

இதற்கு நாங்கள் செய்த வழிதான் கல் பாத்தி. கானுக்கும் குளத்துக்கும் நடுவில் கல் நிரப்பிய ஒரு பள்ளம், அதில் சில செடிகள். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மலைச்சரிவே தண்ணீரைக் கொண்டு போகும்.

இது எப்படி வேலை செய்கிறது?

கல் அழுக்கை அரித்துப் பிடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கொஞ்சம்தான். உண்மையான வேலை கல்லின் மேலே படியும் வழுவழுப்பில் நடக்கிறது. அந்த வழுவழுப்பு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். தண்ணீரில் வரும் சோற்றுக் கஞ்சி, எண்ணெய், உடம்பு அழுக்கு எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு. அவை தின்று மிச்சம் விடும் உப்புச் சத்தைச் செடியின் வேர் உரமாக எடுத்துக்கொள்கிறது. ஜேர்மனி நாட்டில் 1950களில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி நீர்ச்செடிகளை வைத்துக் கழிவுநீரைத் தெளியவைக்கும் ஆராய்ச்சிகளைச் செய்தார். இன்று பல நாடுகளில் இந்த முறை இருக்கிறது.

முதலில் இடம்

வீடுகளுக்கு மேலே உள்ள சரிவில் பள்ளமோ குளமோ வெட்டவே கூடாது. தண்ணீர் ஊறினால் மண் இளகும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களே புதையுண்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே சமமான இடமாகப் பார்த்து, தோட்ட நிர்வாகத்திடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுக்கவேண்டும். மலசலகூடத் தண்ணீர் இந்தப் பாத்திக்கு வரக்கூடாது. அது அதற்குரிய குழிக்கே போகவேண்டும். மழைத் தண்ணீர்க் கானையும் வேறாகத் திருப்பிவிட வேண்டும்.

அளவு

நாங்கள் ஆறு காம்பராவுக்கு, ஏறக்குறைய 25 பேருக்குச் செய்தோம். ஆளுக்கு 28 லீற்றர் வீதம் பீலிக்கரையில் விழுந்தால் ஒரு நாளைக்கு 700 லீற்றர். பாத்தி 20 அடி நீளம், 5 அடி அகலம். கல் ஒன்றரை அடி ஆழத்துக்கு. அதாவது 150 கன அடி, ஒன்றரைக் கியூப் கல். மேலே 3 அங்குலம் காய்ந்தே இருக்கும். கல்லுக்கு இடையில் உள்ள சந்து மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் ஏறக்குறைய 1,200 லீற்றர் தண்ணீர் நிற்கும். ஆகவே இன்று உள்ளே போகும் தண்ணீர் இரண்டு நாளுக்குக் கிட்ட கல்லுக்குள் தங்கித்தான் வெளியே வரும். அந்த இரண்டு நாள்தான் நமக்கு முக்கியம். ஆட்கள் கூடினால் பாத்தியையும் பெரிதாக்க வேண்டும்.

வேலை முறை

1. கானின் முடிவில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாவைப் புதைக்க வேண்டும். வாயில் வெங்காயச் சாக்கு வலையைக் கட்டினால் சோறு, முடி, தேயிலைத் தூள் அதில் நிற்கும். மண் அடியில் படியும், எண்ணெய் மேலே மிதக்கும். பீப்பாவிலிருந்து போகும் குழாயின் உள்முனையில் ஒரு எல்போ பூட்டி வாயைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால், மேலே மிதக்கும் எண்ணெய் பாத்திக்குப் போகாது. பீப்பாவுக்கு இறுக்கமான மூடி அவசியம். இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும்.

2. பள்ளத்தின் அடி, தண்ணீர் வரும் பக்கத்திலிருந்து போகும் பக்கத்துக்கு 2 அங்குலம் சரிந்திருக்க வேண்டும். அடியில் பழைய உரச்சாக்கைப் பரப்பி, அதன் மேல் தடித்த கறுப்புப் பொலித்தீனை ஒட்டு இல்லாமல் விரிக்க வேண்டும்.

3. இரண்டு முனையிலும் 5 அடி நீளத்தில் குறுக்காக 2 அங்குல பி.வி.சி. குழாய். அதில் 3 அங்குலத்துக்கு ஒரு துளை, அரை அங்குல அகலத்தில். உள்ளே வரும் குழாய் கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வெளியே போகும் குழாய் அடியில். ஒவ்வொரு குழாயின் ஒரு முனையையும் மேலே உயர்த்தி மூடி போட்டு வைத்தால், அடைத்தால் திறந்து கழுவலாம்.

4. குழாய்களைச் சுற்றி முட்டை அளவு கல். நடுவில் அரை அங்குலக் கருங்கல் சல்லி. சல்லியை நன்றாகக் கழுவிப் போடவேண்டும்.

5. வெளியே போகும் குழாய் பாத்திக்கு வெளியில் எல்போ வழியாக மேலே எழும்பி, அதன் வாய் கல்லின் மேல்மட்டத்துக்கு 3 அங்குலம் கீழே நிற்க வேண்டும். அந்த உயரத்துக்கு மேல் பாத்திக்குள் தண்ணீர் ஏறாது. மேலே பார்த்தால் காய்ந்த கல்தான் தெரியும். நுளம்புக்கு இடமில்லை, நாற்றமும் இல்லை.

6. ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கல்வாழை நடலாம். ஓடைக்கரையில் வளரும் நாணலும் நல்லது. குளத்தில் ஆகாயத்தாமரையைப் போடாதீர்கள். பூ அழகுதான், ஆனால் குளத்தையே மூடிவிடும். நம் நாட்டில் 1909ஆம் ஆண்டிலேயே அதற்கு எதிராகச் சட்டம் போட்டார்கள்.

நாங்கள் விட்ட பிழை

முதல் தடவை சல்லி போதாமல் போனதால் மணலைக் கலந்தோம். "மணல் போட்டா இன்னும் நல்லா வடியும்" என்று நாங்களே சொன்னோம். மூன்று மாதத்தில் சந்தெல்லாம் அடைத்து, தண்ணீர் பாத்திக்கு மேலே தேங்கி, கூத்தாடிப் புழு நெளிந்தது. கீழ் லயத்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கத்தான் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே கூடையோடு வந்தார்கள், மேல் லயத்து இளைஞர்களும் இறங்கினார்கள். இரண்டு லயமும் சேர்ந்து கல்லை அள்ளி, அரித்து, கழுவித் திரும்பப் போட்டது அன்றைக்குத்தான். வேலை முடிந்து எல்லோரும் ஒரே கேத்தல் தேத்தண்ணீர் குடித்தோம்.

பராமரிப்பு

பாத்தி பழக ஒரு மாதம், ஒன்றரை மாதம் எடுக்கும். அதுவரை தண்ணீர் கலங்கலாக வந்தால் பயப்பட வேண்டாம். வாரம் ஒரு முறை பீப்பாவையும் வலையையும் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் இடத்தில் வாரத்துக்கு ஒரு காம்பரா என்று முறை வைத்து, பெயர்களைப் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டினோம். மஞ்சளாகும் செடியை வெட்டி வெளியே எடுங்கள். அங்கேயே அழுகவிட்டால் எடுத்த சத்து திரும்பத் தண்ணீருக்கே போகும்.

பீலிக்கரையில் பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி ஊற்றாதீர்கள். மருந்து அடிக்கும் தாங்கியை அங்கே கழுவவே கூடாது. கல்லில் உள்ள உயிர்கள் செத்தால் பாத்தியும் செத்த மாதிரிதான். குளத்தில் சில கப்பி மீன்களை விடுங்கள், கூத்தாடியைத் தின்னும். அந்த மீனை ஓடையில் மட்டும் விடாதீர்கள். குளத்தைச் சுற்றி வேலி கட்டாயம், சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடம்.

இது குடிக்கும் தண்ணீர் அல்ல

வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. நோய்க் கிருமிகள் குறையுமே தவிர முற்றாகப் போகாது. குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவ இதை எடுக்காதீர்கள். மரக்கறிச் செடிக்கு ஊற்றும்போதும் இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு வேண்டாம். செங்கண்மாரி, நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் தண்ணீரால் வருபவை. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தே குடிப்போம்.

இப்போது அந்தக் குளத்தின் பக்கத்தில் போஞ்சிக் கொடி காய்த்துக் கிடக்கிறது. போன மாதம் அதே அக்கா ஒரு கூடை போஞ்சி பறித்து மேல் லயத்துக்குக் கொடுத்தனுப்பினார். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு கான் ஓடுகிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்து ஆள் ஒருவரும் கீழ் லயத்து ஆள் ஒருவரும் சேர்ந்து அதன் வழியே இறங்கிப் பாருங்கள். பிறகு உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். அளவெடுக்க நாங்கள் வருகிறோம்.