ஒற்றைப் பெயரும் ஒருவருக்கான சோறும்

ஐதராபாத்தின் கிழக்கே, நாச்சாரத்தை அடுத்துள்ள மல்லாபூர், தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த பகுதி. ஆலைப் பணியாளர்களும், அருகிலுள்ள அணு எரிபொருள் வளாகம், இ.சி.ஐ.எல். ஆகியவற்றைச் சார்ந்து வந்தவர்களும் பல மாநிலங்களிலிருந்து இங்கே குடியேறியுள்ளனர். தார்நாகாவிலும் ஹப்சிகூடாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் நாடி வரும் மாணவர்கள் சிலர், வாடகை கருதி இப்பக்கம் அறை எடுக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நடு ஜாவாவிலிருந்து வந்த இந்தோனேசிய ஆய்வு மாணவர். எங்கள் கிளையின் வாடிக்கையாளர். அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து, அவரது அன்றாட வாழ்வை இங்கே எழுதுகிறோம். பிள்ளைகளை வெளியூரிலோ வெளிநாட்டிலோ தனியே விட்டிருக்கும் வாசகர்களுக்கு இது பயன்படும் என நம்புகிறோம்.

குடும்பப் பெயர் எங்கே?

அவர் முதன்முதலாகக் கிளைக்கு வந்த நாளில் விண்ணப்பப் படிவமே தடையாயிற்று. முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள். அவருக்கோ ஒரே பெயர்தான். ஜாவா மக்களிடையே இது பழைய வழக்கம். இந்தோனேசியாவின் முதல் இரண்டு குடியரசுத் தலைவர்களான சுகர்னோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயர் கொண்டவர்களே. புதிதாகப் பதிவு செய்யும் பெயர்கள் குறைந்தது இரண்டு சொற்களாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2022 இல்தான் விதி செய்தது. முன்பு பதிவான பெயர்களை அவ்விதி மாற்றவில்லை.

தலைப்பெழுத்துடன் வாழும் தமிழருக்கு இந்தத் தொல்லை புதிதன்று. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவதா, ஊர்ப் பெயரை எழுதுவதா என்று அயலூர் அலுவலகங்களில் விழித்தவர்கள் நாம். ஆகவே அவரது சங்கடம் எங்களுக்கு உடனே புரிந்தது. கடவுச்சீட்டில் உள்ளபடி ஒற்றைப் பெயரிலேயே கணக்கைத் தொடங்கினோம்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ரூபாயில் என்.ஆர்.ஓ. கணக்கு தொடங்கலாம். கடவுச்சீட்டு, விசா, நிழற்படம், கல்வி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் ஆகியவை வேண்டும். உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாளுக்குள் தர வேண்டும். அது சரிபார்க்கப்படும் வரை, வெளிநாட்டிலிருந்து வரும் தொகை 1,000 அமெரிக்க டாலருக்கு மிகாமலும், எடுக்கும் தொகை 50,000 ரூபாய்க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இவற்றையெல்லாம் விளக்கினோம். விளக்காமல் விட்டது ஒன்று. அது பின்னர் தெரிந்தது.

ஒருவருக்கு மட்டும் சமைப்பது

நான்கு பேருக்குச் சமைப்பதைவிட ஒருவருக்குச் சமைப்பது கடினம் என்பதைத் தனித்து வாழ்ந்தவர் அறிவர். வாங்கிய கீரை பாதி வாடிப்போகும். குழம்பு மூன்று நாள் நீளும். மாற்றலாகி வந்து குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வங்கிப் பணியாளர்களாகிய எங்களுக்கும் இது பழகிய துன்பமே.

இதற்கு ஐதராபாத் கண்ட விடை ‘கர்ரி பாயிண்ட்’. சோறு மட்டும் வீட்டில் வடித்துக்கொண்டு, பப்பு, புளுசு, வேப்புடு, ரசம் ஆகியவற்றைப் பொட்டலமாக வாங்கிச் செல்லும் சிறு கடை இது. நகரின் குடியிருப்புத் தெருக்களில் பரவலாகக் காணலாம். எங்கள் மாணவரும் வந்த முதல் வாரத்திலேயே ஒரு மின்சாரச் சோற்றுப் பானை வாங்கினார். சோறு அவருக்குத் தாய்நாட்டு உணவு. தொட்டுக்கொள்வது மட்டுமே அயல்நாட்டது. தெருமுனைக் கடையில் அவரைக் கண்டு பேசத் தொடங்கியது இப்படித்தான். எங்களை அவர் ‘பாக்’ என்று அழைப்பார். தந்தை என்னும் பொருளுடைய ‘பாபாக்’ என்பதன் சுருக்கம் அது. வயதில் மூத்த ஆணுக்குரிய மதிப்புச் சொல்.

கோங்குரா அவருக்கு உடனே பிடித்துவிட்டது. காரம் அவரை அஞ்சவைக்கவில்லை. அவர்கள் நாட்டுச் சம்பல் அதற்குக் குறைந்ததன்று. அவர் ஏங்கியது ‘தெம்பே’ என்னும் சோயா உணவுக்குத்தான். சோயா மொச்சையை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, நொதியூட்டும் பூஞ்சை மாவைத் தூவி, வாழையிலையில் பொதிந்து வைத்தால், வெண்பூஞ்சை படர்ந்து ஓரிரு நாளில் கட்டியாக இறுகிவிடும். அதை வில்லைகளாக்கிப் பொரிப்பார்கள். அந்த மாவுக்கு அவர்கள் மொழியில் ‘ராகி’ என்று பெயர். மளிகைக் கடையில் அவர் ராகி கேட்க, கடைக்காரர் கேழ்வரகு மாவை நீட்டினாராம். இறுதியில் ஊரிலிருந்து அக்காள் ஒரு சிறு பொட்டலம் அனுப்பிவைத்தார். கோடையில் ஒரே நாளில் இறுகிய தெம்பே, சனவரிக் குளிரில் இரண்டு நாள் கடந்தும் இறுகவில்லை. சோற்றுப் பானைக்கு அருகில் வைத்துக் கதகதப்பூட்டக் கற்றுக்கொண்டார்.

ஒன்பது நாள்

அதே சனவரியில்தான் அந்தச் சிக்கல் நேர்ந்தது. மாதந்தோறும் பணம் அனுப்பும் அக்காள், அம்முறை வேறொரு வங்கியின் வழியே அனுப்பினார். அங்கே படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். ஆகவே தம்பியின் பெயரையே இருமுறை எழுதிவிட்டார். எங்கள் பதிவிலோ பெயர் ஒருமுறைதான். பெறுநர் பெயர் பொருந்தாததால் தொகை விளக்கம் வேண்டி நிறுத்திவைக்கப்பட்டது.

பணம் வழியில் இருக்கிறது, நாளை வந்துவிடும் என்று மாணவர் காத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் நாள் கிளைக்கு வந்து, கணக்கில் வைக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். காரணம் கேட்பதற்கு முன், “சாப்பிட்டீர்களா, தம்பி?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். அவர்கள் ஊரிலும் ஒருவரைக் கண்டால் “சுடா மக்கான்?”, அதாவது “சாப்பிட்டாயிற்றா?” என்றுதான் நலம் விசாரிப்பார்களாம். பிறகு சொன்னார்: கர்ரி பாயிண்ட் பொட்டலம் ஒன்றை இரு வேளைக்குப் பிரித்து உண்டதாகவும், கடந்த மூன்று நாளாகச் சோறும் தெம்பேயும் மட்டுமே என்றும். ஒரு கிலோ சோயா மொச்சை அவரைக் காப்பாற்றியிருந்தது.

அன்று பகல் அவரை எங்களுடன் உண்ணச் செய்தோம். அனுப்பிய வங்கிக்குப் பெயர் விளக்கம் கோரிச் செய்தி அனுப்பினோம். கடவுச்சீட்டின் படியையும் இணைத்தோம். ஒன்பதாம் நாள் தொகை வரவாயிற்று. விதிப்படி நிறுத்தியதில் தவறில்லை. ஆயினும் ஒற்றைப் பெயருடையவருக்குக் கணக்குத் தொடங்கிய நாளிலேயே, “பணம் அனுப்புவோர் பெயரை இப்படித்தான் எழுத வேண்டும்” என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறை எங்களுடையது. அதன் பின்னர், கணக்கில் உள்ளபடி பெயர், கணக்கு எண், சுவிஃப்ட் குறியீடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஊருக்கு அனுப்பிவைக்கச் சொல்கிறோம்.

வாசகர்களுக்குச் சில சொற்கள்

பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் பெற்றோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். கடவுச்சீட்டு, கல்விச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே வடிவில் இருக்கட்டும். தலைப்பெழுத்தை விரிப்பதானால் எல்லாவற்றிலும் விரியுங்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது நம்மவர் பலரும் திகைத்தனர். பயணத்திற்கு முன்பே இதைச் சரிபார்ப்பது நலம்.

அடுத்து, புதிய வழியில் பணம் அனுப்பும்போது முதலில் சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். தனித்து வாழ்பவர், ஒரு மாத உணவுச் செலவைத் தொடாத இருப்பாகத் தனியே வைத்திருக்கட்டும். வாடகைக்குத் தவணை கேட்கலாம். பசிக்குக் கேட்க முடியாது. தொகை இரண்டு நாளில் வராவிட்டால் காத்திராமல் கிளையைக் கேளுங்கள். கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை.

இந்தியாவில் தனித்துப் பயின்ற இந்தோனேசியர் இவர் முதல்வரல்லர். 1950களில் சாந்திநிகேதனின் விசுவபாரதியில் பயின்ற ஐடா பாகுஸ் மந்த்ரா, 1978 முதல் 1988 வரை பாலித் தீவின் ஆளுநராக விளங்கினார். அதற்கும் நெடுங்காலம் முன்னே, நம் வணிகரும் அங்கே அயலாராய் வாழ்ந்தனர். சுமத்திராவின் பாருஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088 இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கப்பலை இன்றும் அவர்கள் ‘காப்பால்’ என்றும், கடையைக் ‘கெடாய்’ என்றும் சொல்கின்றனர். அவர்களது ரூபியாவும் நமது ரூபாயும் ஒரே வடசொல்லடியாகப் பிறந்தவை.

சென்ற மாதம் அம்மாணவர் கிளைக்கு ஒரு டப்பாவுடன் வந்தார். உள்ளே பொரித்த தெம்பேயும், அவரே அரைத்த கோங்குராச் சம்பலும் இருந்தன. உணவு இடைவேளையில் பகிர்ந்து உண்டோம். ஒருவருக்குச் சமைப்பது கடினமென்பதால் ஏழு பேருக்குச் சமைத்து வந்ததாகச் சொன்னார்.